இடுப்பு மூட்டு மாற்றியாச்சு, வலியும் போச்சு, ஆனால் நொண்டல் போகவில்லை: பிசியோ எப்படி, எங்கே? (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

பாலக்கோட்டுத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 39, தக்காளியும் கொஞ்சம் மாமரமும் வைத்திருக்கும் விவசாயி. இடது இடுப்பில் ஏவிஎன். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துவிட்டது என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கவட்டியில் வலி, சம்மணம் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி முட்டி வரை இறங்கியதால் முட்டிக்குத்தான் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் கால் வலி என்றாலே 'ப்ளோரைடு தண்ணி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கடைசியில் எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் எடுத்தபோது அந்தத் தலை, அதாவது பந்து, நசுங்கி, அது பொருந்தும் இடுப்புக் கிண்ணமும் தேய்ந்திருந்தது. நான்காம் நிலை என்று சொல்லி, சேலத்தில் முதல்வர் காப்பீட்டில் முழு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள்.

தையல் பிரித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பழைய வலி சுத்தமாக இல்லை. வாக்கரை விட்டு ஸ்டிக் பிடித்து நடக்கிறார். ஆனால் ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பு இடது பக்கமே சாய்கிறது. ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்டது போல இருக்கிறது என்கிறார். டிஸ்சார்ஜ் அன்று ஆங்கிலத்தில் படம் போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்யச் சொன்னால், 'புண் ஆறட்டும், அலுங்காமல் படு' என்கிறார் அம்மா. 'எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் கூட்டி வருகிறேன்' என்கிறார் சித்தப்பா. வாரம் மூன்று முறை சேலம் போய் வர வசதி இல்லை. இந்த நொண்டல் தானாகப் போகுமா? பக்கத்தில் எங்கே பிசியோ செய்யலாம்?

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

தம்பி, தானாகப் போகாது, ஆனால் போகவைக்கலாம். முதலில் ஒன்று கேட்கிறேன். அண்ணன் ஸ்டிக்கை எந்தக் கையில் பிடிக்கிறார்? இடது கையில் என்றால் இன்றைக்கே வலது கைக்கு மாற்றுங்கள். ஸ்டிக் எப்போதும் நல்ல காலின் பக்கம்தான். இடது காலும் வலது கை ஸ்டிக்கும் சேர்ந்தாற்போல முன்னே போக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் ஏறும். இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதால் வரும் பாரம் அது. எதிர்க்கையில் ஸ்டிக் இருந்தால் அந்தத் தசைக்கு வேலை குறையும், உடம்பு சாய்வதும் குறையும்.

நொண்டலுக்குக் காரணமே அந்தத் தசைதான். பிட்டத்தின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே கை வைத்தால் தெரியும். இரண்டு வருடம் வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் நடந்ததில் அது மெலிந்து போயிருக்கும். டாக்டர் மூட்டை மாற்றினார். மெலிந்த தசையை யாராலும் மாற்றிவைக்க முடியாது, அது பயிற்சியில்தான் தேறும். வலி நின்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஆறு மாதம் கழித்து, நொண்டியே பழகிய பிறகுதான் வருகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவது இரட்டை வேலை. நீங்கள் இப்போதே கேட்டது எவ்வளவு நல்லது தெரியுமா!

கால் நீளமானது போலத் தோன்றுவது முதல் சில மாதங்களில் பலருக்கும் உண்டு. நசுங்கிய பந்தால் கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது, அதை டாக்டர் சரி செய்திருப்பார். சுற்றியுள்ள தசைகள் இன்னும் இறுக்கமாக இருப்பதால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். செருப்பில் அட்டை வைத்து உயரம் கூட்ட அவசரப்பட வேண்டாம். தசை தளர்ந்த பிறகும் அப்படியே இருந்தால் டாக்டர் அளந்து சொல்வார்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து எந்தப் பக்கம் திறந்து ஆபரேஷன் செய்தார்கள் என்று பாருங்கள். பின்பக்கமா, பக்கவாட்டா, முன்பக்கமா? மூட்டை எலும்போடு ஒட்ட சிமென்ட் வைத்ததா, வைக்காததா? எவ்வளவு எடை ஊன்றலாம் என்று எழுதியிருக்கிறதா? இது தெரியாமல் பயிற்சி சொல்வது சரியில்லை.

அரூர் டீச்சர் எழுதியது:

பிசியோ அண்ணா சொன்ன கடைசி வரியை நானும் அழுத்திச் சொல்கிறேன். எனக்கும் ஏவிஎன்தான், ஆனால் இரண்டாம் நிலையில் தெரிந்துவிட்டது. பந்து உருண்டையாகவே இருந்தது. அதனால் மூட்டை மாற்றவில்லை, எலும்பில் துளை போட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு ஆறு வாரம் இரண்டு கட்டை. கால் நுனி மட்டும் தரையில் தொடலாம், எடை போடக் கூடாது என்றார்கள். துளை போட்ட இடம் பலவீனமாக இருக்கும், பாரம் ஏறினால் அங்கேயே முறிந்துவிடலாம். உள்ளே செத்த எலும்புக்குப் பதில் புது எலும்பு வளரும்வரை பந்து நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் மூட்டு மாற்றிய உறவினர் ஒருவர் வந்து, 'நான் மறுநாளே நடந்தேன், நீ என்ன கட்டையோடு இருக்கிறாய்' என்று கேட்டார். அவர் சொன்னதை அம்மா நம்பிவிட்டார். அவரை நடக்கச் சொன்னதும் சரி, என்னை ஊன்றாதே என்றதும் சரி, ஏனென்றால் ஆபரேஷனே வேறு. தயவுசெய்து ஒருவருடைய பயிற்சித் தாளை இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நோயின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது.

ஓசூர் டிரைவர் எழுதியது:

என் அனுபவத்தையும் சொல்கிறேன். விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து ஸ்குரூ போட்டார்கள். அது கூடவில்லை, சில மாதத்திலேயே பந்து செத்துவிட்டது என்று மூட்டை மாற்றினார்கள். பிசியோ என்று தனியாக எங்கும் போகவில்லை. தினமும் காலை, மாலை நடந்தேன், அவ்வளவுதான். இப்போது நன்றாக இருக்கிறேன். 'நடப்பதுதான் சிறந்த பயிற்சி' என்று டாக்டரே சொன்னார். ஏழைக் குடும்பத்தைப் பிசியோ, பிசியோ என்று பயமுறுத்திச் செலவு வைக்க வேண்டுமா? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணா. எல்லோருக்கும் கிளினிக்கில் வாரக்கணக்காக பிசியோ தேவையில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலர் வீட்டிலேயே செய்து தேறிவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் விபத்து வரை கால் முழுப் பலத்தோடு இருந்தது. பாலக்கோட்டு அண்ணன் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு வருடம் நொண்டியிருக்கிறார். தசை மெலிந்தவர் நடந்துகொண்டே இருந்தால் மூச்சுத் திறன் கூடும், ஆனால் அதே சாய்ந்த நடைதான் இன்னும் உறுதிப்படும். அந்தத் தசைக்கென்று தனியாக வேலை கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். முழு எடை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள். அண்ணனைச் சமையல் மேடையைப் பிடித்து நிற்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும் உங்கள் கட்டைவிரலை வையுங்கள். வலது காலைச் சற்றே தூக்கச் சொல்லுங்கள். வலது பக்க விரல் கீழே இறங்கினாலோ, அவர் உடம்பை இடது பக்கம் வெட்டிச் சாய்த்தாலோ, இடது இடுப்புத் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை என்று பொருள். விரல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும் நாளில்தான் ஸ்டிக்கை விடலாம். அதற்கு முன்னால் 'எனக்கு எதற்குக் கம்பு, நான் என்ன கிழவனா' என்று ரோஷப்பட்டு விட்டுவிடக் கூடாது. அந்த வயதில் அந்தக் கூச்சம் வரும், புரிகிறது. ஆனால் நொண்டாமல் கம்போடு நடப்பது, கம்பில்லாமல் நொண்டுவதைவிட மேல்.

பாலக்கோட்டுத் தம்பி எழுதியது:

ஸ்டிக் இடது கையில்தான் இருந்தது அண்ணா! மாற்றிக் கொடுத்தேன், கொஞ்ச தூரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. சம்மரியில் பின்பக்கம், சிமென்ட் இல்லாதது, தாங்கும் அளவுக்கு எடை ஊன்றலாம் என்று இருக்கிறது. பக்கத்து மெடிக்கலில் ஒருவர் படித்துச் சொன்னார்.

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

சரி, அப்படியென்றால் கேளுங்கள். பின்பக்கம் திறந்தவர்களுக்குச் செய்யக் கூடாதவை மூன்று. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. காலைக் குறுக்கே மறுபக்கம் கொண்டுபோகக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை சொல்வோம், அண்ணனுக்கு எத்தனை வாரம் என்று அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குத்தவைத்து உட்காருவதையும் சம்மணத்தையும் அதற்குப் பிறகும் தவிர்க்கச் சொல்பவர்களே அதிகம்.

படுத்துச் செய்வது: கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. ரத்தம் காலில் உறையாமல் இருக்க இது முக்கியம், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் அதை 5 விநாடி அழுத்துவது. பிட்டத்தை இறுக்கி விடுவது. குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து முட்டியை மடக்குவது. காலைப் படுக்கையில் வழுக்கி வெளிப்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப நேராகக் கொண்டுவருவது, நடுக்கோட்டைத் தாண்டாமல். ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று வேளை.

இந்த நிலையில் அண்ணனுக்கு முக்கியமானது நின்று செய்வது. மேடையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்க்காமல், இடது காலை நேராகப் பக்கவாட்டில் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். ஓர் அடி உயரம்கூட வேண்டாம். அவசரமாக வீசிவிட்டால் தசை வேலை செய்யாது. இறக்கும்போது எவ்வளவு மெதுவாக இறக்குகிறாரோ அவ்வளவு பலன். அப்புறம் அதே காலைப் பின்னால் தூக்குவது. தாளில் காலை நேராக மேலே தூக்கும் படம் இருந்தால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூட்டில் நிறைய அழுத்தம் கொடுக்கும் பயிற்சி அது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செய்து முடித்ததும் தசையில் அசதி இருக்கலாம். மறுநாள் காலையிலும் வலி கூடவே இருந்தால் அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

பென்னாகரம் பெரியவர் எழுதியது:

நீவிவிடுவதில் என்ன தப்பு? எங்கள் காலத்தில் எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு எண்ணெய் ஊற்றித்தான் சரியானது. அதோடு, எங்கள் ஊர்த் தண்ணீரால் எத்தனை பேர் முதுகு வளைந்து கிடந்தார்கள் என்று பார்த்தவன் நான். இந்தப் பையனுக்கும் அதுதான் மூலகாரணமாக இருக்காதா?

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

ஐயா, நீங்கள் பார்த்த கஷ்டம் உண்மை. இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். ப்ளோரைடு எலும்பில் படிந்தால் எலும்பு கெட்டியாகும், தசைநார்கள் இறுகும், முதுகும் கழுத்தும் விறைக்கும். ஏவிஎன் வேறு. சொட்டுநீர்க் குழாய் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் அந்தச் செடி மட்டும் வாடுகிற மாதிரி, பந்துக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் அடைபட்டு அந்த இடம் மட்டும் சாகிறது. நாள்பட்ட ஸ்டீராய்டு, அதிகக் குடி, எலும்பு முறிவு அல்லது மூட்டு விலகல், சில ரத்த நோய்கள் இவைதான் பெரும்பாலும் காரணம். காரணமே தெரியாமலும் வருவதுண்டு. 2021 கொரோனா அலையில் ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கும் பின்னால் வந்தது. எல்லா வலியையும் தண்ணீர் மேல் போட்டால் இந்த நோய் முற்றிப்போய்த்தான் தெரியும். கவட்டி வலியும், காலை உள்பக்கம் திருப்ப முடியாமையும் சேர்ந்து வந்தால் இடுப்பைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

நீவுவதைப் பற்றி: உள்ளே இருப்பது உலோக மூட்டு. நீவுபவர் பழக்கத்தில் காலை மடக்கி உள்பக்கம் ஒரு திருப்புத் திருப்புவார். அந்த ஒரு திருப்பில் மூட்டு விலகிவிடலாம். கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்து அதை அழுத்தி நீவினால் உயிருக்கே ஆபத்து. ஆறாத தழும்பின் மேல் எண்ணெயும் கூடாது. சித்தப்பாவின் அன்பை மதித்து, அவரைத் தினமும் அண்ணனோடு கூட நடந்து வரச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா எழுதியது:

தம்பி, வீட்டு வேலை எதையும் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். நம் வீட்டுப் பிளாஸ்டிக் சேர் தாழ்வாக இருக்கும், உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே போய்விடும். கைப்பிடி உள்ள மரச் சேரில் போர்வையை மடித்துப் போட்டு உயரம் கூட்டுங்கள். எழும்போது இடது காலை முன்னால் நீட்டிவிட்டுக் கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம், குழிந்துவிடும்.

கக்கூஸ்தான் பெரிய பாடு. மெடிக்கல் கடையில் நடுவில் ஓட்டை போட்ட கமோடு சேர் கிடைக்கும், அதை நம் ஊர்க் கக்கூஸ் மேலேயே வைக்கலாம். கால் வழுக்காமல் நிற்கிறதா என்று தண்ணீர் ஊற்றியே சோதித்துப் பாருங்கள். ஸ்டிக் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள், வரி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள், சின்னச் செலவுதான். சாணி தெளித்த வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் ஸ்டிக் சறுக்கும். பேன்ட் போடும்போது ஆபரேஷன் காலை முதலில் விட வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். லுங்கியே நல்லது, ஆனால் தடுக்காத உயரத்தில் கட்டட்டும். படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை.

களி போடுங்கள், கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. ஆனால் தசை ஏறக் களி மட்டும் போதாது. முட்டை, கொள்ளு, வேர்க்கடலை, மொச்சை எல்லாம் சேருங்கள். ஆபரேஷன் ஆனவருக்கு முட்டை ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

அக்கா சொன்னதைப் பிரின்ட் எடுத்து எங்கள் வார்டில் ஒட்டலாம்.

எங்கே செய்வது என்று தம்பி கேட்டதற்கு: தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு உண்டு, சம்மரியோடு எலும்புப் பிரிவு ஓபிக்குப் போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடப் பக்கம், 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பது மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோ வருவதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், ஊரில் மாத்திரை கொடுக்க வரும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். ஒரு பிசியோவுக்குப் பல ஊர் என்பதால் தினமும் வர மாட்டார். வரும் நாளில் பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு மற்ற நாளில் நீங்கள் செய்ய வேண்டும். அவர் சொல்லும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் தாளைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

ஓசூர் டிரைவர் எழுதியது:

இந்த வீட்டுக்கு வரும் பிசியோ எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் நானும் பெயர் கொடுத்திருப்பேன். நல்ல தகவல்.

பாலக்கோட்டுத் தம்பி எழுதியது:

சுகாதார நிலையத்தில் பெயர் எழுதிக்கொண்டு, பிசியோ மேடம் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். அண்ணா சொன்ன அதே பக்கவாட்டுப் பயிற்சிதான் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்று எண்ணுகிறார், இப்போது ஒன்று குறைந்தாலும் விடுவதில்லை.

இன்னும் சில கேள்விகள். பைக் எப்போது ஓட்டலாம்? தோட்டத்தில் குனிந்து வேலை செய்யலாமா? இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அண்ணனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஆபரேஷனிலிருந்து தொடவில்லை. 'மூட்டுதான் மாத்தியாச்சே, இனி என்ன' என்று கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி பிசியோ எழுதியது:

சங்கடப்படாதீர்கள் தம்பி, சொன்னது நல்லது. ஏவிஎன் பாதிப்பேருக்கு மேல் இரண்டு இடுப்பிலும் வருகிறது. அண்ணனின் வலது பந்து இன்னும் அவருடைய சொந்த எலும்பு. குடி திரும்பினால் அதுவும் போகலாம். முதலில் எடுத்த எம்ஆர்ஐயில் வலது பக்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது இருந்தால் அரூர் டீச்சருக்குச் செய்தது போலப் பந்தைக் காப்பாற்றும் காலம் இன்னும் இருக்கலாம். வலது கவட்டியில் லேசாக வலித்தாலும் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அவரைத் திட்டாதீர்கள், கூட இருங்கள். விட முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

பைக் பெரும்பாலும் 3 மாதம் கழித்துத்தான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. காலைத் தூக்கிப் போடுவதும், திடீரென்று ஊன்றி நிறுத்துவதும்தான் அதில் ஆபத்து. தோட்டத்துக்குப் போகலாம், ஆனால் தக்காளி பறிக்கக் குத்தவைப்பதும் தலையில் கிரேட் சுமப்பதும் வேண்டாம். சொட்டுநீர் வால்வைத் திறப்பது, மருந்துக் கணக்குப் பார்ப்பது, நின்று தரம் பிரிப்பது எல்லாம் செய்யட்டும். 39 வயதில் வைத்த மூட்டு நெடுநாள் உழைக்க வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேடுகளை வைத்துப் பார்த்த ஆய்வில் ஏறத்தாழ 58 சதவீத மூட்டுகள் 25 ஆண்டு தாண்டியிருக்கின்றன.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், தழும்பில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போனால், இங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் மூட்டு வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அரூர் டீச்சர் எழுதியது:

தம்பி, வலது பக்க ரிப்போர்ட் என்ன நிலை என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். துளை போடும் ஆபரேஷன் பற்றி அண்ணனுக்கோ அண்ணிக்கோ ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பள்ளி முடிந்து சாயங்காலம் பதில் போடுகிறேன்.